திரும்பும் நேரம்: கோடையில் மலையேறும் குடும்பங்களுக்காக வகுப்பறையில் ஒரு பாடம்

ஆண்டு இறுதித் தேர்வு நெருங்கும் நாள்களில் ஒன்பதாம் வகுப்பில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "லீவுக்கு எங்கே போறீங்க?" திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு வரும் பதில்களை எளிதில் ஊகித்துவிடலாம். திருமூர்த்திமலை, பழனி, வெள்ளியங்கிரி, வால்பாறை, கொடைக்கானல், ஊட்டி. நமக்குக் கடல் தொலைவு, மலை பக்கம். அதனால் நம் பிள்ளைகளின் விடுமுறை என்பது பெரும்பாலும் மலைதான்.

அந்தப் பயணம் எப்படி அமைகிறது என்பதையும் நாம் அறிவோம். அப்பா கட்டிங் டேபிளிலோ நிட்டிங் மிஷினிலோ நிற்கிறார். அம்மா பவர் டேபிளிலோ செக்கிங்கிலோ இருக்கிறார். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒரு நாள் ஓய்வு. ஷிப்மென்ட் நெருக்கடி இருந்தால் அந்த ஞாயிறும் இல்லை. ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ நான்கு வீட்டார் சேர்ந்து வேன் பிடித்துக் கிளம்புகிறார்கள். அவ்வளவு அரிதாகக் கிடைத்த நாளில், மேலே மேகம் கறுக்கிறது என்பதற்காகப் பாதி வழியில் திரும்ப யாருக்கும் மனம் வராது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், கொஞ்சம் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்ற சொல்லில்தான் கோடை மலையின் பெரும்பாலான ஆபத்துகள் தொடங்குகின்றன.

இந்தச் சொல்லுக்கு எதிராக ஓர் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? தேர்வுக்கு முந்தைய வாரங்களில் இரண்டு பாடவேளைகள் போதும் என்பது என் அனுபவம். புவியியல், அறிவியல், கணக்கு மூன்றிலும் நாம் ஏற்கெனவே நடத்திய பாடங்களே இதற்குப் போதுமானவை.

கீழே வெயில், மேலே மழை

திருப்பூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, நமக்கு வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. நம் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 600 மில்லிமீட்டர்தான். ஆனால் நம் தெற்கு எல்லையில் இருக்கும் அதே ஆனைமலைத் தொடரில்தான், வால்பாறைக்கு அருகே, தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, தண்ணீர் சில நிமிடங்களில் ஆளை இழுத்துச் செல்லும் என்பது கண்ணால் கண்டறியாத செய்தி.

கோடை மழை எப்படி உருவாகிறது என்பதைக் கரும்பலகையில் ஒரே படத்தில் விளக்கிவிடலாம். காலை முழுவதும் வெயில் நிலத்தைச் சூடேற்றுகிறது. சூடான ஈரக்காற்று மேலெழுகிறது. மலைச்சரிவு அதை இன்னும் மேலே தள்ளுகிறது. உயரம் கூடக் கூடக் காற்று குளிர்ந்து, ஈரம் மேகமாகத் திரள்கிறது. பகல் பதினொரு மணிக்குப் பஞ்சுப்பொதி போலத் தெரியும் மேகம், பிற்பகலில் அடி கறுத்து, தலை கோபுரமாக வளர்ந்து இடிமழையாகக் கொட்டிவிடும். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வருவதற்கு இதுவே காரணம். காலையில் வானம் தெளிவாக இருந்தது என்பது பிற்பகலுக்கு உத்தரவாதம் ஆகாது. காலையிலிருந்து அடிக்கும் கடும் வெயிலே அந்த மழைக்கான அடுப்பு.

வெப்பநிலையும் ஏமாற்றும். சராசரியாக 1,000 மீட்டர் உயர்ந்தால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். திருப்பூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. வித்தியாசத்தைக் கணக்கிடச் சொன்னால் பிள்ளைகளே ஏறக்குறைய 12.6 டிகிரி என்று சொல்லிவிடுவார்கள். அதனுடன் மழையும் காற்றும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் இன்னும் அதிகம்.

நம் மாவட்டத்து எடுத்துக்காட்டு திருமூர்த்திமலை. உடுமலைப்பேட்டைக்கு அருகே மலையடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயில். அதற்கு மேலே பஞ்சலிங்க அருவி. அருவிக்கு வரும் நீர், குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக்கிராமங்களைச் சுற்றிய காடுகளில் பெய்யும் மழை. அருவியில் குளிப்பவர் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பல கிலோமீட்டருக்கு அப்பால் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த நீர் பாறைச் சரிவுகளில் ஊறாமல் வழிந்து, குறுகிய ஓடையில் ஒன்றுசேர்ந்து இறங்கும். மேலே பெய்த மழையால் அருவியில் வெள்ளம் பெருகிக் கோயிலைச் சூழ்ந்ததாகச் செய்தித்தாள்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற பாடநூல் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்கு வேண்டியதில்லை.

கோடைக்கு இரண்டு முகங்கள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிக்கு அருகே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து ஒரு குழுவும் சென்றிருந்தன. அதனால் அது நமக்கு வேறு ஊர்ச் செய்தி ஆகாது.

2024 மே 17 அன்று பிற்பகல், பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் வந்தது. உறவினர்களுடன் குளிக்க வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

ஒன்று தீ, மற்றொன்று வெள்ளம். இரண்டும் ஒரே பருவத்தின் தொடக்கமும் முடிவும். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து, காற்று வறண்டு, ஒரு பொறி போதும் என்ற நிலை. ஏப்ரல், மே மாதங்களில் இடிமழை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. அதற்கு முந்தைய வாரங்களிலேயே மேற்குமலையின் வானம் மாறத் தொடங்கிவிடும். நம் பிள்ளைகளின் விடுமுறையும் சரியாக அந்த வாரங்களில்தான் வருகிறது.

குரங்கணிக்குப் பிறகு காட்டுப் பாதைகளில் அனுமதியின்றி நடப்பது கட்டுப்படுத்தப்பட்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவின் வழியே திறந்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. "ரீல்ஸ்ல பாத்தோம், அங்க ஒரு வழி இருக்குதுங்க சார்" என்று ஒரு மாணவர் சொன்னால், அது அனுமதிக்கப்பட்ட பாதையா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பதினைந்து வயதும் அருவிக்கரையும்

பத்து வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம். பதினைந்து வயதுப் பிள்ளையை அப்படி முடியாது. அவர் முன்னால் ஓடுவார். சித்தப்பா மகன், பக்கத்து வீட்டு நண்பன் என்று கூட்டுச் சேர்ந்தால் இன்னும் வேகம். இதற்கு நாம் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

2005ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளரிளம் பருவத்தினர், இளைஞர், பெரியவர் என மூன்று வயதுப் பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை விளையாட வைத்தார்கள். சிலர் தனியாக, சிலர் தம் வயது நண்பர்கள் பார்த்திருக்க. நண்பர்கள் பார்க்கும்போது வளரிளம் பருவத்தினர் எடுத்த ஆபத்தான முடிவுகள் வெகுவாகக் கூடின. பெரியவர்களிடம் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. இதே துறையில் ஸ்டெயின்பெர்க் தொடர்ந்து வலியுறுத்தும் இன்னொரு செய்தி நமக்கு இன்னும் முக்கியமானது: அமைதியான சூழலில், நேரம் எடுத்து யோசிக்கும்போது, பதினாறு வயதை ஒட்டியவர்களின் பகுத்தறியும் திறன் பெரியவர்களுக்கு நிகராகவே இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது. அருவிக்கரையில், நண்பர்கள் நடுவில், கைபேசி கேமரா முன்னால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நல்ல முடிவை எதிர்பார்ப்பது வீண். அங்கே அப்பா போடும் சத்தமும் பலிக்காது. நண்பர்கள் முன்னால் அது மானப் பிரச்சினை ஆகிவிடும். அதே பிள்ளை வெள்ளிக்கிழமை இரவு, வீட்டில், தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே முடிவை மலையிலிருந்து வீட்டுக்கு நகர்த்த வேண்டும். அந்த முடிவைப் பெரியவர் திணிக்காமல் பிள்ளையிடமே கொடுக்க வேண்டும். தானே கணக்குப் போட்டு எழுதிய நேரத்தைக் காப்பாற்றுவதில் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை நமக்குத் துணை நிற்கும்.

திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவோம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய விதியைச் சொன்னார். மீட்டர் அளவில் அது இப்படி வழங்குகிறது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

வகுப்பில் நான் கொடுக்கும் கணக்கு: ஒரு வழித்தூரம் 4 கி.மீ., ஏற்றம் 450 மீட்டர். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 45 நிமிடம், ஆக 93 நிமிடம். இது நல்ல உடல்நிலையில் உள்ளவர் நிற்காமல் நடக்கும் நேரம். குடும்பத்தோடு போகும்போது பாதியைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறேன். ஏறக்குறைய 140 நிமிடம், அதாவது 2 மணி 20 நிமிடம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 9.20க்கு மேலே சேரலாம். அரை மணி நேரம் ஓய்வு. கரடுமுரடான இறக்கத்துக்கு இரண்டு மணி நேரம். பிற்பகல் மேகம் திரளும் முன், பன்னிரண்டு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டுமானால் திரும்பும் நேரம் 10 மணி.

இங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வி நினைவில் நிற்கிறது: "பத்து மணிக்கு உச்சிக்கு இன்னும் பத்து நிமிசம்தான் இருக்குதுன்னா என்ன பண்றதுங்க சார்?" வகுப்பே விவாதித்தது. கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் அடுத்து இருபது நிமிடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். எங்கே நிற்கிறோம் என்பது கணக்கில்லை. மணி பத்தானால் திரும்ப வேண்டும்.

நடைவேகத்தைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவர்தான் தீர்மானிக்கிறார். அப்பாரு வந்தால் அவர் வேகம். ஆறு வயதுத் தங்கை வந்தால் அவள் வேகம். வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறும் பக்தர்கள் நெஞ்சுவலியாலும் மூச்சுத்திணறலாலும் இறந்த செய்திகள் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன. இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அப்படிப்பட்ட ஏற்றத்தைத் தொடங்கக் கூடாது என்பதையும் பிள்ளைகள் வழியே வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம்.

பனியன் துணியில் ஒரு சோதனை

"மலைக்கு என்ன உடுப்பு?" என்பதை விளக்க நம் ஊரைப் போல வசதியான ஊர் வேறில்லை. மாணவர்களைக் கட்டிங் வேஸ்ட் கொண்டுவரச் சொல்லுங்கள். காட்டன் சிங்கிள் ஜெர்சியில் ஒரு துண்டு, விளையாட்டு உடைக்குத் தைக்கும் பாலியஸ்டரில் ஒரு துண்டு. இரண்டும் ஒரே அளவு, கூடுமானவரை ஒரே ஜி.எஸ்.எம். உலர்ந்த எடையை அறிவியல் ஆய்வகத் தராசில் குறியுங்கள். நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, மீண்டும் எடை பாருங்கள். பிறகு மின்விசிறியின் கீழ் கொடியில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடையைக் குறித்து வரைபடம் வரையச் சொல்லுங்கள்.

சாதாரண காற்றிலேயே பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைக்கும்; பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். வியர்வையையும் மழையையும் பருத்தி குடித்துவைத்து மெதுவாகவே விடும். சமவெளி வெயிலில் அதுவே நமக்குச் சுகம். மலைக்காற்றில் நனைந்த காட்டன் பனியன் உடல் வெப்பத்தைத் தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே எளிய பரிந்துரை: பையில் பிளாஸ்டிக் உறைக்குள் உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்று, மெல்லிய மழைக்கோட்டு ஒன்று. நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். நடுங்கும் பிள்ளை பேச்சுக் குழறினாலோ தடுமாறினாலோ உடல் வெப்பம் குறைகிறது என்று பொருள். உடனே உலர்ந்த துணி, காற்று படாத இடம், கீழிறக்கம்.

இடியை எண்ணுதல், ஓடையை வாசித்தல்

ஒலியின் வேகப் பாடத்தை இங்கே பயன்படுத்தலாம். மின்னலைக் கண்டதும் நொடிகளை எண்ண வேண்டும். மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம். பாதுகாப்பான இடம் என்பது முழுமையான கட்டடம் அல்லது கதவு மூடிய வாகனம். தனி மரத்தடி, கம்பிவேலி, கைபேசிக் கோபுரம், நான்கு கால் மண்டபம் எதுவும் பாதுகாப்பு இல்லை. சிவன்மலை, ஊதியூர் போன்ற நம் பக்கத்துக் குன்றுகள் உயரம் குறைந்தவைதான். ஆனாலும் சுற்றிலும் சமவெளி பரந்திருக்க, அவையே உயர்ந்து நிற்கின்றன. ஒதுங்க இடமே இல்லாவிட்டால் உச்சியிலிருந்து இறங்கி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, பாதங்களைச் சேர்த்துக் குத்தவைக்க வேண்டும், படுக்கக் கூடாது.

ஓடைக்கும் மொழி உண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கூடுவது, சற்றுமுன் தெரிந்த பாறை மூழ்குவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பையையும் செருப்பையும் தேடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். முழங்கால் அளவு வேகநீரே பெரியவரைச் சாய்த்துவிடும். போகும்போது தாண்டிய ஓடை வரும்போது பெருகியிருந்தால் காத்திருப்பதே வழி.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. அடிவார ஏற்றத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் தெரிந்தால் நிழலில் அமர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உடல் கொதித்து, பேச்சு தடுமாறி, நினைவு மங்கினால் அது வெப்பவாதம். உடலை நனைத்து விசிறியபடி 108ஐ அழைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் தாள்

பாடத்தின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பக்கத் தாள் தயாரித்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அதில் ஐந்து வரிகள்தான்.

1. போகும் இடம், அனுமதி உண்டா, யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம்.
2. கிளம்பும் நேரம், திரும்பும் நேரம்.
3. முதல்நாள் இரவும் அன்று காலையும் பார்த்த வானிலை அறிவிப்பு: மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா. ஆரஞ்சும் சிவப்பும் என்றால் மலை இல்லை. அன்றைக்கு வேறு இடம்.
4. அந்த வேறு இடம் எது.
5. அவசர எண்கள்: 108, 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புகளையும், மின்னல் எச்சரிக்கைக்கான 'தாமினி' செயலியையும் பார்ப்பது பிள்ளையின் பொறுப்பு. எங்கள் வகுப்பில் இந்தப் பொறுப்புக்கு 'வானம் பார்ப்பவர்' என்று பெயர். மேலே சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் கண்ணும் காதும் முதல் கருவி, கைபேசி இரண்டாவது. வடமாநிலப் பெற்றோரின் பிள்ளைகள் இந்தத் தாளைத் தங்கள் மொழியிலும் எழுதிக்கொள்ளலாம். அந்தக் குடும்பங்களுக்கு இந்த மலைகள் இன்னும் புதியவை.

நான்காவது வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். அதுதான் மிகவும் தேவை. மாற்று இடம் இல்லாத குடும்பத்துக்குத் திரும்புவது என்றால் அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை இழப்பது. திருமூர்த்தி அணைக்கரையோ, அமராவதி அணைப் பூங்காவோ, வழியில் ஒரு பாட்டி வீடோ தாளில் எழுதியிருந்தால், திரும்புவது அடுத்த இடத்துக்குப் போவதாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் முகம் வாடாது. அப்பாவுக்கும் செலவு வீணான வருத்தம் இருக்காது.

மலைக்குப் போக வேண்டாம் என்று நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்வதில்லை. வாரம் முழுவதும் மிஷின் சத்தத்தில் இருப்பவர்களுக்கும், கைபேசித் திரைக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்ந்து நடக்கும் அந்த நான்கு மணி நேரம் வேறெங்கும் கிடைக்காது. இந்த ஏப்ரலில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், நாற்பது வீடுகளில் மணியையும் வானத்தையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பார்.